நாலாம் கட்ட மார்புப் புற்றுநோய், கொழும்பு: கிளினிக்கில் பக்கத்தில் வந்து உட்கார யாராவது இருக்கிறீர்களா?

நிழல்வாகை
ஞாயிறு, இரவு 11.20

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே வாசிப்பதோடு சரி. சமையல் பகுதியில் ஒரு தடவை சீனிச் சம்பல் ஏன் கசக்கிறது என்று கேட்டேன், அவ்வளவுதான் என் எழுத்து.

வயது 51, இடம் வெள்ளவத்தை. 2018இல் இடது மார்பில் கட்டி. மார்பை எடுத்தார்கள், கீமோ மருந்து ஏற்றினார்கள், கதிர் சிகிச்சை, பிறகு நோய் திரும்பாமல் இருக்கத் தமொக்ஸிஃபென் குளிசை. ஐந்து வருடம் முடிகிறது என்று பிள்ளைகள் கேக் வாங்கிய அதே கிழமை இடுப்பில் ஒரு நோ. பிரஷர் குக்கரைத் தூக்கியதில் பிடித்துவிட்டது என்று நினைத்து ஒரு மாதம் பாம் பூசிக்கொண்டு திரிந்தேன். முள்ளந்தண்டிலும் இடுப்பெலும்பிலும் பரவியிருந்தது. குளிசையை மாற்றினார்கள், எலும்புக்கு ஊசி போட்டார்கள். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

போன வருடக் கடைசியில் நடந்ததைத்தான் எழுத வந்தேன். எந்த ஆஸ்பத்திரி என்று கேட்க வேண்டாம். அங்கே எல்லோரும் கெட்டவர்கள் இல்லை, அன்றைக்குக் கூட்டம் அதிகம். வைத்தியர் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்ற சின்ன டொக்டரிடம் சிங்களத்தில் ஏதோ சொன்னார். பிறகு என்னைப் பார்த்தும் சொன்னார். எனக்குச் சந்தைச் சிங்களம் தெரியும். மீன் விலை பேசுவேன், பஸ்ஸில் மிச்சக் காசு கேட்பேன். "பெதிரிலா" என்றது விளங்கியது, பரவியிருக்கிறது. எங்கே என்பது விளங்கவில்லை. "அக்மாவட்ட" என்றார். தலையாட்டினேன். அடுத்த நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்து த்ரீவீலில் ஏறினேன். ஓட்டுநருக்கு அறுபது வயது இருக்கும். "அக்மாவ கியன்னே மொகத்த?" என்று கேட்டேன். சிக்னலில் நிறுத்தியிருந்தார். திரும்பிப் பார்த்து, தன் வலது விலாவுக்குக் கீழே கையை வைத்துக் காட்டினார். அந்தக் கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது, ஈரல். அவர் ரேடியோவை அணைத்தார். வெள்ளவத்தை வரும்வரை இருவரும் எதுவும் கதைக்கவில்லை.

எனக்கு ஈரலில் இருப்பதைச் சொன்னவர் அந்த மனுஷன்தான். அதற்குப் பிறகு வீட்டில், கோயிலில், டெலிபோனில் எல்லோரும் எனக்குத் தைரியம் சொல்கிறார்கள். "நீங்கள் போராளி", "பொசிட்டிவாக இருங்கோ". தைரியம் வீட்டில் மூட்டை மூட்டையாக இருக்கிறது, வைக்க இடமில்லை. எனக்கு வேண்டியது கிளினிக்கில் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, சொன்னதைத் தமிழில் திருப்பிச் சொல்ல ஓர் ஆள். பிள்ளைகள் இரண்டும் வெளிநாட்டில். கணவர் இல்லை.

இப்படி யாராவது கொழும்பில் இருக்கிறீர்களா? அதுவும் நாலாம் கட்டத்தில், என்னைப் போல வேறு உறுப்புக்குப் பரவிய நிலையில் இருப்பவர்கள்? ஒரு ஒக்டோபர் மாத மார்புப் புற்றுநோய் விழிப்புணர்வுக் கூட்டத்துக்குப் போய்ப் பார்த்தேன், ஹோட்டல் மண்டபம், ரோஸ் நிற பலூன். ஒவ்வொருவராக எழும்பி "எனக்கு 6 வருடம்", "எனக்கு 11 வருடம்" என்றார்கள், கைதட்டினார்கள். என் முறை வந்தது. "எனக்குத் திரும்பி வந்துவிட்டது, இனிப் போகாது" என்றேன். மைக்கை வாங்கிக்கொண்டார்கள். மரியாதையாகத்தான் வாங்கினார்கள்.

---

கொட்டாஞ்சேனை மகன்
திங்கள், காலை 6.05

அக்கா, வாசித்தேன். வேலைக்குப் போகிற பஸ்ஸில் இருக்கிறேன், இரவு வந்து ஒழுங்காக எழுதுகிறேன்.

---

இயற்கைநேசன்
திங்கள், காலை 9.40

சகோதரி, கவலை வேண்டாம். மனம்தான் மருந்து. மனதில் நோய் இல்லை என்று நம்பினால் உடம்பிலும் இல்லை. முள்சீத்தா இலை (நம்மூர் கட்டு அனோதா) 15 எடுத்து அவித்துக் காலை மாலை குடியுங்கள். சீனியை அடியோடு நிறுத்துங்கள். கீமோவை விடப் பல மடங்கு வலிமையானது. என் மாமா ஒருவர் இதிலேயே குணமானார்.

---

வெள்ளைத்தொப்பி
திங்கள், பகல் 1.15

இயற்கைநேசன் தம்பி, நல்ல மனதோடு எழுதியிருப்பீர்கள், கோபம் இல்லை. ஆனால் நான் 31 வருடம் தாதியாக வேலை செய்தவள், அதில் பாதி புற்றுநோய் வார்ட்டில். முள்சீத்தாவில் அன்னோனாசின் என்று ஒரு பொருள் இருக்கிறது, அது நரம்புக்கு ஆகாது. கீமோ எடுக்கும் பெண்கள் பலருக்கு ஏற்கெனவே கைகால் விறைத்துப் போயிருக்கும். ஈரலில் நோய் உள்ளவருக்கு எந்தக் கஷாயமானாலும் வைத்தியரிடம் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குவளைக்குள் புற்றுநோய்ச் செல் செத்தது மனிதருக்குள் நடந்ததாகாது. மாமாவுக்கு என்ன வகை, என்ன கட்டம், கூடவே வேறு சிகிச்சை செய்தாரா என்று கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நிழல்வாகை தங்கச்சி, முள்ளந்தண்டில் இருக்கிறது என்றீர்கள். யாராவது உங்களுக்கு இதைச் சொன்னார்களா தெரியவில்லை, நான் சொல்லிவிடுகிறேன். கால் திடீரென்று சக்தி இழந்தால், தொடைக்கு நடுவில் மரத்தது போல இருந்தால், சிறுநீர் போகாமலோ அடக்க முடியாமலோ போனால், கிளினிக் நாள் வரும்வரை இருக்கக் கூடாது. அன்றைக்கே, அந்த மணித்தியாலமே போக வேண்டும். முள்ளந்தண்டு நரம்பு நசிபடுவதாக இருக்கலாம். நேரத்தோடு போனால் நடையைக் காப்பாற்றலாம். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு இல்லை.

இன்னொன்று காய்ச்சல். கொழும்பில் காய்ச்சல் என்றால் நாங்கள் என்ன செய்வோம்? டெங்கு என்று நினைத்துப் பனடோல் போட்டு, மூன்றாம் நாள் இரத்தம் சோதிக்கக் காத்திருப்போம். மருந்து ஏற்றுகிறவர் அப்படிக் காத்திருக்கவே கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் 38 பாகை தாண்டினால் நேரே ஆஸ்பத்திரி, இரவு இரண்டு மணி என்றாலும். பனடோலைப் போட்டுக் காய்ச்சலை மறைக்காமல் முதலில் அளந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெப்பமானி ஒன்று தலையணைக்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

வந்து உட்கார எனக்கு முழங்கால் விடாது. கேள்விகளுக்கு இங்கே இருப்பேன்.

---

நடத்துநர்
திங்கள், பகல் 2.00

இழை உருக்கமானது, ஆனால் சில ஒழுங்குகள். டெலிபோன் இலக்கம், முகவரி இங்கே பொதுவில் வேண்டாம், தனிமடலில் மட்டும். ஆஸ்பத்திரி, வைத்தியர் பெயர் சொல்லிக் குறை எழுத வேண்டாம். "சிகிச்சையை நிறுத்துங்கள்" என்ற பொருளில் வரும் பதிவுகள் நீக்கப்படும். இயற்கைநேசனின் பதிவை வெள்ளைத்தொப்பியின் பதிலுக்காக விட்டு வைத்திருக்கிறேன்.

---

கொட்டாஞ்சேனை மகன்
திங்கள், இரவு 9.50

இப்போதுதான் வந்தேன். இதை உங்களிடம் சொல்லலாமா என்று நாள் முழுக்க யோசித்தேன், ஏனென்றால் என் கதையில் அம்மா இப்போது இல்லை. வாசிக்க வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள்.

அம்மாவுக்குக் கண்டுபிடித்தபோதே நுரையீரலுக்குப் பரவியிருந்தது. மகரகம புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சிகிச்சை. 2022 ஞாபகம் இருக்கும்தானே, பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை. 138 பஸ்ஸில் நெரிசலுக்குள் அம்மாவை ஏற்ற முடியாது. மச்சானின் த்ரீவீலை வரிசையில் விட்டுவிட்டு இரண்டு இரவு அதற்குள்ளேயே படுத்தேன். எனக்குப் பின்னால் ஒரு பழைய மாருதி, அதில் ஒரு சிங்கள அண்ணா. இரண்டாம் இரவு கதைக்கத் தொடங்கினோம். அவருடைய அம்மாவுக்கும் அதே வருத்தம், அதே ஆஸ்பத்திரி. கிடைக்கிற எண்ணெய் இரண்டு வண்டிக்கும் போதாது. அதனால் ஒரு கிழமை அவர், ஒரு கிழமை நான், இரண்டு அம்மாவையும் ஒரே வண்டியில் கொண்டு போவது என்று முடிவு செய்தோம். பெட்ரோலை அளந்து கொடுக்கும் கியூ ஆர் முறை வந்து வரிசை குறைந்த பிறகும் அதை விடவில்லை.

இரண்டு பேருக்கும் மற்றவர் மொழி தெரியாது. பின் சீட்டில் இருவருக்கும் நடுவில் வாந்திக்கு ஒரே பொலித்தீன் பை. எங்கள் அம்மா முடி கொட்டியதும் கண்ணாடியைத் துணி போட்டு மூடிவிட்டார். அந்த அம்மாதான் தன் துவாயை அவிழ்த்துத் தன் மொட்டைத் தலையைக் காட்டி, எங்கள் அம்மாவின் கையை எடுத்து அதில் தடவ வைத்தார். அம்மா சிரித்துவிட்டார். மூன்று கிழமைக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. அப்புறம் இருவரும் டெலிபோனில் கதைப்பார்கள்! ஒருவர் தமிழ், ஒருவர் சிங்களம். என்ன கதைத்தீர்கள் என்று கேட்டால் "அவவுக்கு இண்டைக்குச் சாப்பாடு இறங்கவில்லையாம்" என்பார். எப்படித் தெரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அம்மா செவ்வாய்க்கிழமை தவறாமல் கொச்சிக்கடை அந்தோனியாரிடம் போவார், நாங்கள் சைவம் என்றாலும். நடக்க முடியாமல் போன பிறகு அந்த அம்மாவை அனுப்பினார், அவர் பௌத்தம். அவரும் போனார், மெழுகுதிரி கொளுத்திவிட்டு வந்தார்.

அம்மாவின் 31ஆம் நாளுக்கு அந்த அம்மா வெள்ளைச் சேலை கட்டி, சீனியும் தேயிலையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தார். இவ்வளவுதான் சொல்ல வந்தேன் அக்கா. உங்களுக்குப் பக்கத்தில் உட்காருகிறவர் தமிழாக இருந்தால் நல்லது, ஆனால் இல்லாவிட்டாலும் ஒரேயடியாக வேண்டாம் என்று சொல்லாதீர்கள். எனக்கு வியாழக்கிழமைகளில் லீவு எடுக்கலாம். ஆம்பிளை வந்து மார்பு கிளினிக்கில் உட்காருவது உங்களுக்கு ஒரு மாதிரி இருந்தால் வெளியே நிற்கிறேன்.

---

நிழல்வாகை
செவ்வாய், அதிகாலை 3.30

தம்பி, நித்திரை வராமல் இருக்கும்போது வாசித்தேன். இரண்டு தடவை வாசித்தேன். அம்மா இல்லை என்று மறைக்காமல் எழுதியதற்கு நன்றி. எல்லோரும் எனக்கு நல்ல கதைகளை மட்டும் பொறுக்கிச் சொல்கிறார்கள், அதனால் எனக்கு எதையும் நம்ப முடியவில்லை.

வெள்ளைத்தொப்பி அக்கா, முள்ளந்தண்டு விஷயம் இதுவரை யாரும் சொல்லவில்லை. எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டிவிட்டேன்.

ஒரு கேள்வி. இரவில் நோ அதிகம். மோர்ஃபின் எழுதித் தந்திருக்கிறார்கள், வாங்கி வந்து அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். தொடவில்லை. மோர்ஃபின் என்றால் கடைசி என்றுதானே?

---

வெள்ளைத்தொப்பி
செவ்வாய், காலை 5.10

நானும் முழித்துத்தான் இருக்கிறேன், ஐந்து மணிக்குப் பழகிய உடம்பு.

இல்லை. முன்பு பெரும்பாலும் கடைசியில்தான் கொடுத்தார்கள் என்பதால் மக்கள் அப்படிப் பார்த்துப் பழகிவிட்டார்கள். நோவுக்குத் தகுந்த மருந்து அது, நாளுக்குத் தகுந்த மருந்து இல்லை. மோர்ஃபின் எடுத்துக்கொண்டு சமைத்தவர்களை, மகளின் பிள்ளைப்பேறு பார்த்தவர்களைத் தெரியும். வைத்தியர் சொன்ன அளவில் நோவுக்காகக் குடிப்பவர் அதற்கு அடிமையாவது அரிது. ஆனால் மலம் இறுகும், இது நிச்சயம். குளிசையைத் தொடங்கும் அன்றே மலமிளக்கியும் தொடங்க வேண்டும், லக்டுலோஸ் போல ஏதாவது கேட்டு வாங்குங்கள். முதல் சில நாள் வாந்தி வருவது போலவும் தூக்கமாகவும் இருக்கும், பிறகு குறையும். சொன்ன நேரத்துக்கு எடுங்கள், நோ தாங்க முடியாமல் போகும்வரை பொறுத்திருந்து எடுத்தால் அதை விரட்டிப் பிடிப்பது கஷ்டம். நீங்களாக அளவைக் கூட்டவும் வேண்டாம், திடீரென்று நிறுத்தவும் வேண்டாம்.

பலியேட்டிவ் பிரிவுக்கு அனுப்பச் சொல்லி நீங்களே கேளுங்கள். அந்தப் பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர் அழுவார்கள். ஆனால் அது நோவு, வாந்தி, மூச்சு, பயம் இவற்றைப் பார்க்கும் பிரிவு. கீமோ ஓடிக்கொண்டிருக்கும்போதே கூடவே பார்க்கலாம். 2010இல் அமெரிக்காவில் நுரையீரல் புற்றுநோய் முற்றியவர்களிடம் பார்த்தார்கள். தொடக்கத்திலேயே அந்தக் கவனிப்புக் கிடைத்தவர்கள் நன்றாகவும் இருந்தார்கள், கொஞ்சம் கூடுதலாகவும் வாழ்ந்தார்கள்.

---

ஸ்கார்பரோ குளிர்
செவ்வாய், காலை 8.45

கனடாவில் இருந்து எழுதுகிறேன். தங்கச்சிக்கு இதே நிலை, தெகிவளையில் இருக்கிறாள். நான் இங்கே ஆஸ்பத்திரியில் சமூக வேலை செய்கிறவள், மற்றவர்களுக்கு எல்லாம் ஆலோசனை சொல்கிறேன், தங்கச்சிக்கு டெலிபோன் எடுத்தால் "சாப்பிட்டியா" என்பதற்கு மேல் வாய் வராது.

"மனம்தான் மருந்து" என்பதற்கு மட்டும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்தப் பேச்சு நிறையப் பெண்களைக் குற்றவாளி ஆக்குகிறது. 1989இல் ஸ்டான்ஃபோர்டில் ஸ்பீகல் என்ற மனநல வைத்தியர், மார்புப் புற்றுநோய் பரவிய 86 பெண்களைப் பற்றி எழுதினார். வாராவாரம் குழுவாகக் கூடிக் கதைத்தவர்கள் மற்றவர்களை விடச் சராசரியாக ஒன்றரை வருடம் கூட வாழ்ந்தார்கள் என்றது அந்த ஆய்வு. உலகம் முழுக்கப் பேச்சாகிவிட்டது. பிறகு இங்கே கனடாவில் 235 பெண்களை வைத்து அதையே செய்து பார்த்தார்கள், 2001இல் முடிவு வந்தது. ஆயுள் கூடவில்லை. ஸ்பீகலே மறுபடி செய்து 2007இல் வெளியிட்டார், அதிலும் ஆயுள் கூடவில்லை.

ஆனால் கனடா ஆய்வில் ஒன்று தெரிந்தது: குழுவில் இருந்தவர்களுக்கு மனக் கலக்கம் குறைந்தது, நோவும் குறைவாகத் தெரிந்தது, அதுவும் தொடக்கத்தில் மிகவும் உடைந்து போயிருந்தவர்களுக்கு. ஆகவே அழுதால் சீக்கிரம் செத்துவிடுவோம் என்று யாரும் பயப்பட வேண்டாம். ஸ்கேனில் வளர்ந்திருந்தால் நீங்கள் போதுமான அளவு பொசிட்டிவாக இல்லாததால் அல்ல. நிழல்வாகை கேட்கும் அந்தப் பக்கத்துக் கதிரைக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

சரி, இப்போது நான் கேட்கிறேன். தூரத்தில் இருக்கும் அக்காவிடம் இருந்து உங்களுக்கு என்ன வேண்டும்? காசு அனுப்புகிறேன். அது போதாது என்று தெரிகிறது.

---

நிழல்வாகை
செவ்வாய், மாலை 4.20

காசு தேவை, அதை நிறுத்தாதீர்கள். அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தான், ஆனால் வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேன், த்ரீவீல், சத்து மா, எல்லாம் காசு.

மற்றது, என் மூத்தவன் மெல்பனில் இருந்து ஒவ்வொரு நாளும் எடுப்பான். "எப்படி இருக்கிறீங்கள்?" என்பான். ஒவ்வொரு நாளும் அதற்குப் பதில் சொல்வது ஒரு வேலை அக்கா. இளையவள் வேறு மாதிரி. வீடியோவைப் போட்டுவிட்டுத் தன்பாட்டில் வெங்காயம் வெட்டுவாள். நான் கட்டிலில் படுத்துக்கொண்டு "இன்னும் மெல்லிசாக வெட்டு" என்பேன். ஒரு மணித்தியாலம் போய்விடும், நோயைப் பற்றி ஒரு சொல் வராது. எனக்கு அது பிடிக்கும். உங்கள் தங்கச்சிக்கும் பிடிக்குமா என்று அவளிடம்தான் கேட்க வேண்டும்.

---

பெயர் வேண்டாம்
செவ்வாய், இரவு 10.15

மனைவிக்கு மூளைக்குப் போய்விட்டது. கதிர் சிகிச்சை முடிந்தது. நான் ஓய்வுபெற்ற கணக்காளன், கதைக்கத் தெரியாதவன். குளிசை அட்டவணை போடுவேன், அதில் ஒரு நிமிடம் பிந்த மாட்டேன். நேற்று இரவு அவ கேட்டா, "நான் போனால் நீங்கள் என்ன செய்வீர்கள்?" நான் "அப்படிக் கதைக்காதையும்" என்று சொல்லிவிட்டு எழும்பிப் போய் வராந்தாவில் நின்றேன். வந்து பார்த்தால் அவ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தா. என்ன சொல்லியிருக்க வேண்டும்?

---

நிழல்வாகை
செவ்வாய், இரவு 11.50

அண்ணா, நானும் அதே கேள்வியை என் தங்கையிடம் கேட்டிருக்கிறேன், அவளும் வாயைப் பொத்தினாள். நான் கேட்க வந்தது என்ன தெரியுமா? பாங்க் லொக்கர் சாவி எங்கே வைத்திருக்கிறேன், மகளின் தாலிக்கொடிக்கு எடுத்து வைத்த பவுன் எவ்வளவு, மின்சார பில் யாருடைய பெயரில் இருக்கிறது. அவ்வளவும் தலைக்குள் சுற்றிக்கொண்டு இருந்தது. சொல்லி முடித்திருந்தால் அன்றைக்கு நித்திரை கொண்டிருப்பேன்.

அவவுக்கும் அப்படி ஏதாவது இருக்கலாம். அல்லது நீங்கள் தனியே சமைத்துச் சாப்பிடுவீர்களா என்ற கவலையாக இருக்கலாம். பதில் தேட வேண்டாம். "என்ன யோசிக்கிறீர்?" என்று மட்டும் கேட்டுவிட்டு எழும்பாமல் இருங்கள். உங்களுக்கு அட்டவணை நன்றாக வரும்தானே, அவ சொல்லுவதை ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். கையில் பேனை இருந்தால் உங்களுக்கும் கொஞ்சம் பிடிமானம்.

---

ஊசிநூல்
புதன், காலை 10.30

அஸ்ஸலாமு அலைக்கும். நான் தெமட்டகொட. வயது 46. எனக்கும் நாலாம் கட்டம்தான் தாத்தா (நாங்கள் அக்காவைத் தாத்தா என்போம், நீங்கள் வயதில் மூத்தவர் என்பதால் அப்படியே கூப்பிடுகிறேன்), நுரையீரலில், நாலு வருடமாகிறது. என்னுடையது ஹெர்டூ (HER2) என்ற புரதம் அதிகமுள்ள வகை. மூன்று கிழமைக்கு ஒரு தடவை அதற்கான டிராஸ்டுசுமாப் ஊசி, அது இதயத்தைப் பாதிக்கலாம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எக்கோ என்ற இதய ஸ்கேன். முக்காடு போடுவதால் முடி போனது தெருவில் யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் என் சின்ன மகனுக்குத்தான் தெரியும், அவன் தன் கிரிக்கெட் தொப்பியைத் தந்தான். விக் வேண்டுமென்றால் இந்திரா கான்சர் டிரஸ்டில் கேட்டுப் பாருங்கள், அவர்கள் கொடுக்கிறார்கள்.

நான் தையல்காரி. சிங்களம் நல்லா வரும், எங்கள் ஒழுங்கையே கலப்புத்தான். அடுத்த வியாழன் எனக்கு ஊசி இல்லை. நான் வருகிறேன். எந்த இடம் என்று தனிமடலில் சொல்லுங்கள்.

இன்னொன்று கேட்கட்டுமா? மார்பு எடுத்த இடத்தில் சட்டைக்குள் என்ன வைக்கிறீர்கள்? எனக்குக் கடையில் வாங்கிய சிலிக்கன் இந்தக் கொழும்பு வெயிலுக்கு அவிந்து வேர்க்குரு போட்டுவிட்டது. பஞ்சு மட்டும் வைத்தால் கையைத் தூக்கும்போது மேலே ஏறும். நானே ஒன்று தைத்தேன்: பழைய பருத்திச் சேலை இரண்டு மடிப்பு, உள்ளே பஞ்சு, அடியில் ஒரு சின்னப் பைக்குள் பாசிப்பயறு இரண்டு பிடி. அந்தப் பாரத்துக்கு இடத்திலேயே நிற்கும். பயறுப் பையைக் கழற்றி வைத்துவிட்டுத் தோய்க்கலாம். மழைக் காலத்தில் மறந்துபோய்ப் பயறோடு தோய்த்துவிட்டேன், இரண்டாம் நாள் முளைத்துவிட்டது!

---

புதுவரவு21
புதன், பகல் 12.00

அழுதுகொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன், முளைத்த பயறில் சிரித்துவிட்டேன். அலுவலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

---

நிழல்வாகை
புதன், மாலை 6.40

தங்கச்சி, நான் ஏழு வருடமாகப் பேரனின் காலுறையை உருட்டி வைத்துக்கொண்டு திரிகிறேன். அளவு அனுப்புகிறேன்.

---

இயற்கைநேசன்
புதன், இரவு 8.10

மாமாவிடம் கேட்டேன். மாமியிடமும் கேட்டேன். அவருக்கு ஒப்பரேஷனும் நடந்திருக்கிறது, கதிர் சிகிச்சையும் நடந்திருக்கிறது, எங்களுக்குச் சொல்லவில்லை. மன்னிக்கவும். எனக்கு வான் இருக்கிறது, பொரளைப் பக்கம். கிளினிக்குக்கு யாருக்காவது கொண்டுபோய் விட வேண்டும் என்றால் சொல்லுங்கள்.

---

வெள்ளைத்தொப்பி
புதன், இரவு 8.30

தம்பி, நீங்கள் எழுதிய கஷாயம் எல்லாம் மன்னிக்கப்பட்டது. வானை ஞாபகம் வைத்திருக்கிறேன்.

வியாழன் போகிறவர்களுக்கு: கேள்விகளை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போங்கள், மூன்றுக்கு மேல் வேண்டாம், வைத்தியருக்கு நேரம் இராது. எங்கே வளர்ந்திருக்கிறது, இனி என்ன மருந்து, அந்த மருந்துக்கு எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும். பதிலை அங்கேயே எழுதுங்கள். எலும்பு ஊசி போடுகிறவர்கள் பல் பிடுங்கும் வேலை இருந்தால் முதலில் கிளினிக்கில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். இரவில் மனம் மிகவும் கெட்டால் 1926க்கு எடுக்கலாம், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

---

நிழல்வாகை
அடுத்த வெள்ளி, காலை 7.00

நேற்றுப் போனோம். எழுதச் சொன்னீர்கள், எழுதுகிறேன்.

கொட்டாஞ்சேனைத் தம்பி ஆறரைக்கே போய் நம்பர் எடுத்து வைத்திருந்தார். எங்களை எப்படி அடையாளம் கண்டார் என்று கேட்டால், "நிமிர்ந்து இருக்கிற ஆட்கள் எல்லாம் துணைக்கு வந்தவர்கள், நோயாளிகள் கொப்பியை நெஞ்சோடு பிடித்திருப்பார்கள்" என்கிறார். ஊசிநூல் கறுப்பு அபாயாவில் ஒரு பிளாஸ்க் பிளேன்டீயோடு வந்தாள். இஞ்சி போட்டது. எனக்கு வாய் முழுக்கப் புண், ஆறிய பிறகு மெல்ல மெல்லக் குடித்தேன்.

நாலு மணித்தியாலம் இருந்தோம். அவளுடைய மாமியாரைப் பற்றி ஒன்றரை மணித்தியாலம் கதைத்தாள். எனக்கு அந்த மாமியாரை இப்போது நன்றாகத் தெரியும். பிறகு இருவரும் சாவைப் பற்றியும் கொஞ்சம் கதைத்தோம், யாருக்குக் கபன் துணி யார் வாங்குவது, யாருக்கு எந்தச் சேலை என்று. முன் வரிசையில் ஒரு அன்ரி திரும்பி முறைத்தார்.

உள்ளே அவளும் வந்தாள். வைத்தியர் சிங்களத்தில் சொன்னார், அவள் "ஒரு நிமிஷம் டொக்டர்" என்று நிறுத்தி எனக்குச் சொன்னாள். ஈரலில் இரண்டு இடம் வளர்ந்திருக்கிறது. எலும்பு அப்படியே இருக்கிறது. இதுவரை ஏற்றிய பக்ளிடக்சல் என்ற கீமோ இனி வேலை செய்யாது, கபெசிடபின் என்று கீமோ குளிசை, இரண்டு கிழமை குடிக்க வேண்டும், ஒரு கிழமை ஓய்வு. வைத்தியர் அவள் சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தார். நான் மூன்றாவது கேள்வியையும் கேட்டேன். உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து எரியலாம், வயிற்றோட்டம் வரலாம், அதிகமானால் குளிசையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார்.

வளர்ந்திருக்கிறது என்று தமிழில் கேட்டபோது அழுகை வந்தது. அந்த த்ரீவீலில் வராத அழுகை. அவள் கையைப் பிடிக்கவில்லை, ஒன்றும் சொல்லவில்லை, என் ஸ்கேன் படங்களை வரிசையாக அடுக்கி பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தம்பி வெளியே மருந்து வரிசையில் நின்றார்.

மோர்ஃபின் மூன்று நாளாக எடுக்கிறேன். நேற்று இரவு ஐந்து மணித்தியாலம் நித்திரை.

வெள்ளைத்தொப்பி அக்கா, கால் எரிவுக்கு இப்போதே ஏதாவது பூசலாமா?

---

வெள்ளைத்தொப்பி
வெள்ளி, காலை 7.20

பூசலாம். யூரியா கலந்த கிரீம் ஃபார்மசியில் கேளுங்கள், காலையும் இரவும் மெல்லப் பூச வேண்டும், தேய்க்கக் கூடாது. கொதிநீரில் கால் வைக்க வேண்டாம், இறுக்கமான செருப்பு வேண்டாம். நின்று சமைப்பதைக் குறையுங்கள்.

---

ஊசிநூல்
வெள்ளி, காலை 9.15

வீட்டுக்குள் போட என்னிடம் மெல்லிய பருத்திக் காலுறை இருக்கிறது தாத்தா, தையல் உள்ளே உறுத்தாமல் வெளியே வைத்துத் தைத்தது. மற்றச் சாமானும் முடிந்துவிட்டது. பயறு போட்டிருக்கிறேன். தோய்க்கும்போது கழற்றுங்கோ.